மூன்றாவது தண்ணீர்

என் ஆட்டோவில் புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக ஃப்ளோரன்ஸ் அக்காவின் இரண்டு மீன்கூடைகளை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து டோல்கேட் மார்க்கெட் வரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. பினாயில், எலுமிச்சம்பழம், ஊதுபத்தி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரி நவ்ரீன் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வாள். என்னையும் அங்கேயே விட்டுவிட்டால் நல்லது என்று அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கத்தி கூர், வாய் அதைவிடக் கூர். ஆனால் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லி அவள் விற்று நான் பார்த்ததில்லை. "இது ஐஸ் மீனு. வேணும்னா எடு, இல்லாங்காட்டி கம்முனு போ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். டோல்கேட்டில் பாதிப் பேர் அதற்காகவே அவளிடம் வாங்குவார்கள். மீதிப் பேர் அவளைத் திட்டிக்கொண்டே வாங்குவார்கள்.

மூத்தவள் மகிமா. திருவொற்றியூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற எபினேசரைச் சர்ச்சில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டாள். அவர் குடும்பம் ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். மீன் என்றால் அவர்களுக்குக் கருவாடுதான். கல்யாணமான புதிதில் சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் முழித்ததைச் சொல்லிச் சொல்லி அக்கா ஒரு வருஷம் சிரித்தாள். இப்போது அவர்களுக்கு நாலு வயதில் பெனிஷா என்று ஒரு பெண்.

இளையவன் ஆண்ட்ரூ. டிப்ளமோ முடித்துவிட்டு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். மற்ற பையன்கள் போனில் சினிமா பார்ப்பார்கள், இவன் கலைக்களஞ்சியம் எழுதுவான். நெட்டில் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று, அது. போன வருஷம் சித்திரை வெயிலில் ஒருநாள் வேலைக்கு என் வண்டியில் வந்தபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாய், இத்தப் பாருங்க. நான் எழுதுனது."

"எவன் வேணாலும் எழுதலாம்னா, ஒருத்தன் தப்பா எழுதிட்டா இன்னா பண்ணுவே?"

"இன்னொருத்தன் வந்து திருத்துவான்."

"அவனும் தப்பா திருத்திட்டா?"

"ஆதாரம் கேப்போம் பாய். புக்குலயோ பேப்பர்லயோ வந்து கீதான்னு. இல்லன்னா தூக்கிடுவோம். நானே எத்தினி பேர் எழுதுனத தூக்கி கீறேன் தெர்மா?"

சொல்லும்போது டிராஃபிக் போலீஸ்காரரின் களை அவன் முகத்தில் வந்துவிட்டது. அவன் காட்டிய பக்கம் பேத்தை மீனைப் பற்றியது. பிடித்தால் வயிற்றை உப்பிக்கொண்டு பந்து மாதிரி ஆகுமே, அந்த மீன். மேலே விஷம் என்று போட்டிருந்தது. கீழே 'உணவு' என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே ஆண்ட்ரூ எழுதியது: "தோலை உரித்து, உள்ளே உள்ளவற்றை அகற்றி, மூன்று தண்ணீரில் அலசினால் உண்ணலாம். மூன்றாவது தண்ணீரில் முகம் தெரிய வேண்டும். எண்ணூர்க் கடற்கரை மக்கள் காலங்காலமாக இவ்வாறு உண்கின்றனர்."

"எங்கம்மா செய்றதுதான் பாய். எல்லா எடத்துலயும் விஷம், சாவுன்னு மட்டும் போட்டுகினு கீறான். எங்க ஆளுங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்ற மாரி. அதான் போட்டேன்."

"அதுக்கு ஆதாரம்?"

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இப்போதிக்கு யாரும் கேக்கல பாய்."

நாலு மாதம் கழித்து ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வடசென்னைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஆண்ட்ரூவின் மூன்று வாக்கியமும் அப்படியே இருந்தது. எழுதியவர் எங்கே எடுத்தார் என்று சொல்லவில்லை. ஆண்ட்ரூவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கட்டுரையையே எடுத்துத் தன் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஆதாரமாக வைத்துவிட்டான்.

"நீ எழுதுனத அவன் பாத்து எழுதுனான். அவன் எழுதுனத நீ ஆதாரம்ன்றியா? நல்லா கீதுடா கத."

"பேப்பர்ல வந்துட்ச்சே பாய்."

நானும் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயை இப்போது நினைத்தாலும் தொண்டையில் நிற்கிறது.

கார்த்திகை மாதம் புயல் சின்னம் என்று சொல்லி ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தன. மழை பெய்கிற மாதிரியும் இல்லை, விடுகிற மாதிரியும் இல்லை. அனல்மின் நிலையத்துப் புகைகூட மேலே போக மனசில்லாமல் குடிசைகளின் தலைக்கு மேல் படுத்துக் கிடந்தது. வியாபாரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைப் பார்க்கப் போகலாம் என்று அக்கா கூப்பிட்டாள். ஆண்ட்ரூவும் ஏறிக்கொண்டான். திருவொற்றியூரில் மகிமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி இரண்டு இருக்கும். நான் வாசலிலேயே இருப்பதாகச் சொன்னேன். "பாய், ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்று அக்கா உள்ளே இழுத்தாள்.

எபினேசர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "வாங்க அத்தை" என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் காதில் விழுந்தது வெறும் கொழகொழப்பு.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "இன்னா மாப்ள, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஊத்திகினீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். ஒரு விரலைத் தூக்கி உதட்டைத் தொட்டுக் காட்டினார். தொட்ட விரல் உதட்டிலேயே நிற்காமல் மடியில் விழுந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. அக்கா சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பேப்பரில் சுருட்டி வைத்திருந்த மீன்தோலை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தோலில் புள்ளி புள்ளியாக இருந்தது. அடுப்பில் குழம்புச் சட்டியில் பாதிதான் இருந்தது. பக்கத்தில் எபினேசரின் போன், திரையில் மஞ்சள்தூள் விரல் அடையாளம்.

"இத்த யாரு இங்க கொண்டாந்தது?" என்றாள். அந்தக் குரலை நான் பன்னிரண்டு வருஷத்தில் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடிந்து மகிமா அப்போதுதான் படியேறி வந்தாள். அம்மாவின் கையில் இருந்ததைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மூலையில் பாயில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்குக் குட்த்தீங்களா?"

அவர் வாய் அசைந்தது. வார்த்தை வரவில்லை.

"சொல்லுங்க. கொழந்தைக்கு ஊட்னீங்களா? தலைய ஆட்டுங்க. ஆமாவா, இல்லியா?"

தலை ஆடியது. ஆமா என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா, கழுத்து நிற்காமல் ஆடியதா, யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது என்பது மட்டும் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. நான் அல்லாவைக் கூப்பிட்டேன். அக்கா குழந்தையின் வாயைத் திறந்து முகர்ந்தாள். சமையலறைக்கு ஓடிக் குழந்தையின் சின்னத் தட்டை எடுத்து முகர்ந்தாள். "தயிருதான். தயிரு வாசனதான் வருது" என்றாள், ஆனால் அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஆண்ட்ரூ குழந்தையைத் தூக்கி உலுக்கினான். பெனிஷா கண்ணை விழித்து ஓவென்று அழுதாள். கணீரென்ற அழுகை. அந்த அழுகையைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கொழம்பு துன்னியா கண்ணு?" என்றாள் அக்கா.

"அப்பா காரம்னு சொல்ட்டாரு" என்றது குழந்தை.

எபினேசரை நானும் ஆண்ட்ரூவும் தூக்கிப்போய் வண்டியில் போட்டோம். பின்னால் அவரை நடுவில் வைத்து ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் குழந்தையோடு மகிமா. ஆண்ட்ரூ என் சீட்டில் பாதி. நெடுஞ்சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள் முகப்பும் வாலும் ஒட்டி நின்றிருந்தன. மழை சரியாக அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. நடைமேடை, எதிர்ப்பக்கம், கடை வாசல் என்று எங்கெல்லாம் சக்கரம் போகுமோ அங்கெல்லாம் ஏற்றினேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் நிற்காமல் வந்தது.

"மூச்சு உடுங்க மாப்ள. இஸ்து உடுங்க. ஆங், அப்டித்தான். இன்னொண்ணு. நிறுத்தாதீங்க. இன்னொண்ணு."

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தக் குரல் நின்றுவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் என் பயம். டோல்கேட் தாண்டும்போது "இன்னொண்ணு" என்பதற்கு இடையில் இருந்த நேரம் நீண்டுகொண்டே போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் வாசலிலேயே படுக்கவைத்துத் தொண்டையில் குழாயை விட்டுவிட்டார்கள். வந்த டாக்டர் சின்னப் பெண், மகிமாவைவிட இளையவளாக இருப்பாள். அக்கா பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்த தோலைக் கையுறை போட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. மூச்சு விடற தசைகூட வேலை செய்யல. மெஷின்தான் இப்ப அவருக்காக மூச்சு விடுது. நாளை மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிச்சா விஷம் தானா இறங்கும். ஆனா ஒண்ணு. அவருக்கு நினைவு இருக்கு. நாம பேசறது கேக்கும். கண்ணத் திறக்க முடியாது, கையை அசைக்க முடியாது, அவ்வளவுதான். அதனால பக்கத்துல நின்னு அழாதீங்க."

பெனிஷாவையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, இருந்தாலும் மாலை வரை பக்கத்திலேயே வைத்திருங்கள் என்றார்கள். வராந்தாவில் ஈரத் துணியோடு வரிசையாக உட்கார்ந்தோம். குழந்தை ஆண்ட்ரூ மடியில் ஏறி அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

மகிமா பேசினாள். யாரிடமும் இல்லை, சுவரிடம் பேசுகிற மாதிரி. "நான்தான் சொன்னேன். சின்ன வயசுல அம்மா பேத்த கொழம்பு வெப்பாங்க, இப்பல்லாம் அது கெடைக்கறதே இல்லன்னு. கடலோரம் எக்ஸ்பிரஸ் ரோட்டுல எவனோ கல்லு மேல நின்னு தூண்டில்ல புடிச்சி வித்துகினு இருந்தானாம். போன் பண்ணாரு. சீக்கிரம் வா, உனக்கு ஒண்ணு ஆக்கி வெச்சிருக்கேன்னு. பசி தாங்காத ஆளு. எனக்கு முன்னாடி உக்காந்துட்டாரு."

"விஷம்னு தெரியாதா அவருக்கு?" என்றாள் அக்கா.

"தெரியும்மா. அதான் போன்ல பாத்து, அதுல போட்ட மாதிரியே செஞ்சி கீறாரு. இங்க பாரு." புருஷனின் போனைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். "தோலை உரித்து, உள்ளே உள்ளவற்றை அகற்றி, மூன்று தண்ணீரில் அலசினால் உண்ணலாம். மூன்றாவது தண்ணீரில் முகம் தெரிய வேண்டும்."

ஆண்ட்ரூவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டேன். அதை எழுதியது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள் அக்கா.

மகிமா படித்தாள்.

"மூணாவது தண்ணியில மூஞ்சி தெரியணும்." அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "இது என் பேச்சு. எங்கம்மாகூட இப்டி சொன்னது இல்ல. ஒங்க ரெண்டு பேரு கையில அலச குட்க்கறப்போ நான் சொல்றது. இது எப்டி போன்ல போச்சி?"

அவள் ஆண்ட்ரூவைப் பார்த்தாள். மகிமாவும் பார்த்தாள். தம்பி போனில் என்ன எழுதுகிறான் என்பது அவளுக்குத் தெரியாததா? எழுந்து வந்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அவன் மடியிலிருந்து குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். நாலு அறை வாங்கியிருந்தால் ஆண்ட்ரூவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ செய்றதத்தாம்மா எழுதுனேன்" என்றான். "நான் பாத்ததுதான்."

"நீ இன்னாடா பாத்தே? வூட்டுக்கு வர்றது கெட்டத கழிச்சிட்ட மீனு. கரையில வல அவுக்கறப்போவே பொம்பளைங்க நாங்க குந்திகினு, புள்ளி வெச்சது, சென கட்னது, செத்து ஒதுங்குனது எல்லாத்தியும் பொறுக்கி மண்ணுல பொதச்சிடுவோம். பத்து கெடந்தா எட்டு மண்ணுக்குத்தான் போவும். மீதி ரெண்டுதான் கூடையில வரும். அந்த ரெண்டும் பயந்து பயந்துதான் துன்னோம். ஒங்கப்பன் போனப்பறம் நான் அத்த அடுப்புல ஏத்துனதே இல்ல. கரைக்கு ஒரு நாளாவது வந்து கீறியா நீ?"

"நீ சொல்லவே இல்லியேம்மா."

"எவன் கேட்டான்? சோறு துன்னுடான்னு சொல்றப்போ மூச்சும் உட்டுக்கடான்னு சேத்தா சொல்லுவாங்க?"

சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் அவருக்காக மூச்சு விடுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆண்ட்ரூ தன் போனை எடுத்தான். அந்த மூன்று வாக்கியத்தையும் அழித்தான். எனக்குக்கூட ஒரு நிம்மதி. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மூன்றும் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. 'ஆதாரத்துடன் உள்ள தகவலை நீக்க வேண்டாம்' என்று கீழே யாரோ ஒருவரின் குறிப்பு. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. அந்தக் குறிப்புக்குக் கீழே எழுத ஆரம்பித்தான். இதை எழுதியதே நான்தான், அந்தப் பத்திரிகைக்காரர் என்னைப் பார்த்துத்தான் எழுதினார், இது பாதி உண்மை, இதைப் படித்துச் சமைத்த என் அக்கா கணவர் சாகக் கிடக்கிறார், என் அம்மா ஐம்பது வருஷமாக மீனோடு இருப்பவர், அவர் சொல்கிறார் இது தவறு என்று.

அந்த இரவை எப்படிக் கழித்தோம் என்பதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. காலையில் பதில் வந்திருந்தது. வேறு எந்த ஊரிலோ இருக்கிற ஒருவர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆண்ட்ரூ அதை வாசித்துக் காட்டினான்.

"உங்கள் உறவினர் விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். ஆனால் தனிப்பட்ட ஒருவரின் கூற்றை இங்கே ஆதாரமாக ஏற்க இயலாது. உங்கள் தாயார் கூறியதைப் பற்றி வெளியான கட்டுரை ஏதேனும் இருந்தால் தரவும். அதுவரை 'எச்சரிக்கை தேவை' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன்."

"அப்டின்னா இன்னா?" என்றாள் அக்கா.

"நீ சொல்றது செல்லாதாம்மா. நீ ஆதாரம் கெடையாதாம்."

"ஓஹோ. எழுதுறப்போ மட்டும் நான் ஆதாரமா இருந்தேனா?"

"அவர் மேல தப்பு இல்லம்மா. நானும் அப்டித்தான் எல்லாருக்கும் எழுதுவேன்" என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் வரைக்கும் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் நாலு பேரும் கடிகாரத்தில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகிமா உள்ளே போய் அவர் காதோடு பெனிஷாவைப் பற்றிப் பேசுவாள், வெளியே வந்து சுவரில் முகத்தை வைத்து அழுவாள், முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போவாள். தம்பி பக்கம் திரும்பவில்லை. பதினொன்றரைக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தோம். இடது கைச் சுண்டுவிரல் போர்வையின்மேல் மெல்ல அசைந்தது. வலது கையில் ஒன்றுமில்லை. அக்கா அந்த விரலைத் தொடப் போய், தொட்டால் நின்றுவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாய் போட்டிருந்ததால் எபினேசருக்குக் குரல் கட்டிக் கிடந்தது, சட்டைப் பொத்தான் போட விரல் மடங்கவில்லை. உயிர் இருந்தது. எனக்கென்னவோ அத்தோடு முடிந்தது என்றுதான் தோன்றியது. அக்காவுக்கு அது முடிந்தபாடில்லை. வண்டியில் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"பாய், அது இன்னும் போன்லயே கீதா?"

"கீதுக்கா."

"எத்தினி பேரு பாத்திருப்பாங்க?"

"அத்த எப்டிக்கா சொல்றது."

பிறகு டோல்கேட் வரும் வரை கூடைமேல் கையை வைத்துக்கொண்டு வருவாள். கடல் இன்னும் சரியாகவில்லை, கூடையில் ஐஸ் மீன்தான். எங்கே பார்த்தாலும் கரையோரத்தில் தூண்டில்காரர்கள்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. கூடையை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அரிசிக்கடைக்காரர் சம்சாரம் சிவந்தி வந்தாள். அக்காவிடம் வழக்கமாக வாங்குகிறவள்தான். அன்றைக்குக் கையில் ஏற்கெனவே ஒரு பை இருந்தது. அக்கா முன்னால் அதைத் திறந்தாள்.

"யக்கா, இத மட்டும் கொஞ்சம் ஆஞ்சு தாங்க. எங்க வீட்டுக்காரரு எண்ணூர்ப் பக்கம் போனப்ப வாங்கிட்டு வந்துட்டாரு."

அக்கா பைக்குள் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "இத்த துன்னக் கூடாதும்மா. தூக்கிப் போட்டுடு."

"உங்கள்ட்ட வாங்கலேன்னு கோவமா?"

"கோவம் இல்லம்மா. இதுல விஷம் கீது."

"அது தெரியும்க்கா. தோல எடுத்துட்டா போயிரும்லா? போன்ல போட்டிருக்கு, பாருங்க." சிவந்தி போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். "எச்சரிக்கை தேவைன்னும் போட்டிருக்கான். பேப்பர்லயும் வந்திருக்காம். மூணாவது தண்ணீல முகம் தெரியணுமாம். உங்க ஊர்க்காரங்கதான் காலங்காலமா சாப்பிடுதாங்களாம்."

"அத்த சொன்னதே நான்தாம்மா."

சிவந்தி சிரித்துவிட்டாள். பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். "சரிக்கா, நீங்கதான் எழுதுனீங்க. ஆஞ்சு தர மனசு இல்லேன்னா சொல்லுங்க, வீட்ல நானே பாத்துக்கிடுதேன். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா ஆசையா திங்கும்" என்று பையைச் சுருட்டினாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். செதில் ஒட்டிய கை. சிவந்தி முகம் சுளித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"என் மருமவன் இத்த துன்னுட்டுத்தான் செத்தான்" என்றாள் அக்கா.

இறால் உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. "தோல எடுத்தான். மூணு தண்ணி ஊத்தி அலசுனான். அந்த போன்ல போட்ட மாதிரியே செஞ்சான். போன ஞாயித்துக்கெழம. அடக்கம் பண்ணிட்டுதான் வந்து கூடைய வெச்சி குந்திகினு கீறேன். நாலு வயசுல ஒரு பொண்ணு கீது அவனுக்கு."

சிவந்தி பையை அப்படியே தரையில் போட்டாள். "ஏசப்பா, என்னக்கா சொல்லுதீங்க" என்று நெஞ்சில் கை வைத்தாள். கண் கலங்கிவிட்டது. மன்னித்துக்கொள்ளச் சொன்னாள், வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். பக்கத்துப் பெண்கள் எழுந்து வந்து அக்கா தோளைத் தொட்டார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையை எடுத்து, மீன்களைக் கத்தியால் நாலாகக் கொத்தி, நாய்கூடத் தொடாதபடி பினாயிலை ஊற்றிக் குப்பையில் ஆழமாகத் தள்ளினாள்.

உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று சொல்லலாமா? எங்கள் பக்கத்திலும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் பக்கத்திலும் சொல்ல மாட்டார்கள். சொன்ன வாய் பலித்துவிடும் என்று பயப்படுகிற ஜனங்கள் நாங்கள். அதுவும் சாவின் வாசல் வரை போய் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிற பிள்ளையை.

அக்கா என் வண்டிக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"பாய், மாப்ளைக்கு போன் போடு."

"அக்கா..."

"போடு பாய். சீக்கிரம் போடு."

போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது மணியில் எடுத்தார். ஸ்பீக்கரில் அந்தக் கட்டைக்குரல் வந்தது.

"அத்தை? சொல்லுங்க. போன எடுக்க விரல் வரமாட்டேங்குது, அதான் லேட்டு."

அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"அத்தை? லைன்ல இருக்கீங்களா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. நீங்க எதுனா பேசுங்க."

"என்ன பேச?"

"எதுனா. சும்மா பேசிகினே இருங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மழையில் கடைக்குள் தண்ணீர் வந்ததையும், டியூப்லைட் பெட்டிகள் நனைந்து போனதையும், பெனிஷா ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று காலையில் அடம்பிடித்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நடுநடுவே இருமினார். அவர் இருமும்போதெல்லாம் அக்காவின் பிடி என் சட்டையில் இறுகியது. சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துபோய் "வச்சிடட்டா அத்தை?" என்று அவர் கேட்டார். "வாணாம், இன்னும் பேசுங்க" என்றாள்.